எந்தப் பெயருக்கும் திறந்த பக்கம்

கம்ப்யூட்டர் திரையில் கூப்பிய இரண்டு கைகள். அவற்றின் கீழே ‘வருக’. அதற்கும் கீழே, வந்தவர் தேடிய பெயர் ஆங்கில எழுத்தில். தமிழ் எழுத்து எல்லாக் கணினியிலும் தெரியாத காலம் என்பதால் ‘வருக’வையும் கைகளோடு சேர்த்துப் படமாக வரைந்து வைத்திருந்தேன். இன்று நான் அமைக்கும் சர்வர்களில் இல்லாத பெயரைக் கேட்டால் இல்லை என்றே பதில் வரும். தொண்ணூறுகளின் கடைசியில், பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த இன்டர்நெட் கடையில் அப்படி வராது. அதற்குக் காரணம் எங்கள் முதலாளி.

அவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். பலசரக்குக் கடையிலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். கம்ப்யூட்டரைக் கையால் தொட மாட்டார். ஆனால் துவரம்பருப்பும் இணையதளமும் அவருக்கு ஒரே வியாபாரம்தான். பத்தமடைப் பாய் வியாபாரி, ஆழ்வார்குறிச்சி அரிசி ஆலைக்காரர் என்று உள்ளூர்க்காரர்களுக்குப் பக்கம் போட்டுக் கொடுத்தோம். எங்கள் கடை முகவரிக்கு முன்னால் அவரவர் பெயரும் ஒரு புள்ளியும் சேர்ந்தால் அது அவரவர் முகவரி. சர்வர் சென்னையில், பல பேர் பங்கு போட்டுக்கொண்டது. ஒவ்வொரு புதுப் பெயருக்கும் அங்கே போன் போட்டு, அவர்கள் மனம் வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். வாடிக்கையாளரை நாளைக்கு வாருங்கள் என்று அனுப்புவது அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

அதனால் ஓர் ஏற்பாடு செய்தேன். பெயர் வரும் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால், எந்தப் பெயர் வந்தாலும் சர்வர் ஏற்றுக்கொள்ளும். அந்தப் பெயரில் ஃபோல்டர் இருந்தால் திறந்து காட்டும். ஃபோல்டரை உண்டாக்கினால் போதும், முகவரி தயார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஃபோல்டர் இல்லாத பெயரை யாராவது அடித்தால் ‘இல்லை’ என்று அறிவிப்பு வரும் என்று சொன்னபோதுதான் அண்ணாச்சி முகம் மாறியது. பலசரக்குக் கடையில் சரக்குத் தீர்ந்தாலும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். விளக்கு வைத்த பிறகு கேட்கவே வேண்டாம்.

“கடைக்கு வந்தவன்ட்ட இல்லைன்னு சொல்லப்படாதுவே. வருதுன்னு சொல்லும்” என்றார்.

அப்படி வந்தவைதான் அந்தக் கைகள். என்ன பெயர் அடித்தாலும் அந்தப் பெயரைப் போட்டு, விரைவில் வருகிறோம் என்று கும்பிடும். எனக்கு உள்ளுக்குள் சிரிப்புதான், ஆனால் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஒரு சாயங்காலம் சீவலப்பேரியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். மகனை வெளிநாட்டு வேலைக்கு அனுப்ப ஓர் ஏஜெண்ட் பேசியிருக்கிறான். அதற்காக இருக்கும் ஒரே வயலை விற்று மறுநாள் காலையில் கிரயம் முடிக்கிறார். கம்பெனி உண்மைதானா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றார். அவர் நீட்டிய கார்டில் எங்கள் கடை முகவரி, அதற்கு முன்னால் ஒரு கம்பெனிப் பெயர். அடித்தேன். கைகள் கும்பிட்டன. கீழே கம்பெனிப் பெயர். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்தப் பெயரில் நாங்கள் ஃபோல்டரே போட்டதில்லை. எதை அடித்தாலும் வரும் என்பதை எவனோ எங்கள் கடையிலேயே உட்கார்ந்து கண்டுபிடித்திருக்க வேண்டும்.

எந்தப் பெயரை அடித்தாலும் இப்படித்தான் வரும் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. பெயர்தான் வந்துவிட்டதே, தம்பிக்குப் புரியவில்லை என்று எழுந்துகொண்டார். சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு நின்ற அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வந்து விவசாயியை உட்காரவைத்து, அவர் எதிரே உட்கார்ந்தார்.

“அப்படி ஒரு கம்பெனி இல்லை. அந்தக் கை நாங்க போட்டது. உங்க பேரை அடிக்கச் சொல்லுதேன், பாருங்க.”

கடைக்கு வந்தவரிடம் அண்ணாச்சி ‘இல்லை’ என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. விவசாயியின் பெயரை அடித்தேன். கைகள் கும்பிட்டன. கீழே அவர் பெயர் வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார். மகன் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிறான் என்றார். ஊரெல்லாம் சொல்லிவிட்டோம் என்றார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

“அப்பம் வயலு இருக்குல்லா?”

“இருக்கு” என்றார் அண்ணாச்சி.