மீனாள் அக்காவின் மாத்திரை டப்பா

மீனாள் அக்கா இறந்துபோன செய்தி விடியற்காலையில் போனில் வந்தது. எனக்கு அது முந்தின நாள் மத்தியானமே கடைக் கல்லாவில் வந்துவிட்டது. அவருடைய கணவர் செல்லையா அண்ணன் அரிமளத்திலிருந்து பஸ் ஏறி வந்து, வலிக்குப் போடும் ஊசி மருந்து வாங்கினார். பணத்தோடு கனமான பழைய ஐந்து ரூபாய்க் காசுகளையும், டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு ஒன்றையும் மேஜைமேல் வைத்தார். எல்லாம் அக்கா ஆசை ஆசையாகச் சேர்த்தவை.

புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் எங்கள் மருந்துக் கடையில் நான் மருந்து எடுத்துக் கொடுப்பவன். அக்கா கல்லாவில் இருந்தார். சீட்டைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடைக்கு ஓடிவந்த எல்லோரும் அவரைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குப் பழைய காசு என்றாலே எரிச்சல். பழைய நோட்டுக்கு லட்சம் தருகிறோம் என்று போனில் வரும் வீடியோவையெல்லாம் நம்பி, கையில் இருப்பதையும் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். அக்காவையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துத்தான் கேலி செய்வேன். சில்லறையில் புலி போட்ட இரண்டு ரூபாய் நோட்டு வந்துவிட்டால் அன்றைக்கு அவர் முகமே வேறு. கல்லாவில் தன் காசைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வார். "எப்ப பங்களா கட்டுறீங்க?" என்று கேட்டால், "லட்சம் யாருக்கு வேணும் தம்பி? எத்தனை கை மாறி நம்மகிட்ட வந்திருக்கு, அதுக்கு ஒரு மரியாதை வேணாமா?" என்பார். ஊரே பத்து ரூபாய்க் காசை வாங்க மறுத்த நாளில்கூட அவர் வாங்கிப் போட்டுக்கொண்டார். அதற்கு முதலாளியிடம் திட்டு வாங்கியதும் அவர்தான்.

அந்தச் சந்தோஷம் ஒரு நாளில் முடிந்தது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருந்த ஒருவர் தன் மகளுக்கு ஊசி மருந்து வாங்க வந்தார். நோட்டையெல்லாம் கொடுத்தும் கொஞ்சம் குறைந்தது. சட்டைப்பையைத் துழாவி, மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்து அவிழ்த்தார். உள்ளே மஞ்சளேறிய பழைய ஒரு ரூபாய் நோட்டு. அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இங்கிட்டுப் பாருங்க தம்பி, எவ்வளவு பழசு!" என்று என்னைக் கூப்பிட்டார். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு, "சாமிக்கு முடிஞ்சு வச்சது ஆத்தா. வேற இல்ல" என்றார்.

அக்காவின் கை அப்படியே இறங்கியது. கடை அடைக்கும்போது சொன்னார்: "பழைய காசு தானா வெளிய வராது தம்பி. வீட்டுல இருக்கறதெல்லாம் தீந்த பெறகுதான் வரும். அது தெரியாம நான் சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

அன்றோடு அவர் தனக்கென்று எதையும் எடுப்பதை விட்டார். பழைய காசு வந்தால் முன்போலவே தன் காசைக் கல்லாவில் போடுவார். ஆனால் பழையதை மாத்திரைக் கவரில் போட்டு, மேலே ஊர்ப்பெயரை எழுதி, காலி மாத்திரை டப்பா ஒன்றில் வைப்பார். "இது இங்கேயே இருக்கும். ஒடம்பு சரியானதும் வந்து வாங்கிக்கங்க" என்று ஆளிடம் சொல்லியும் அனுப்புவார். முந்திரித் தோப்புக்காரரின் ஒரு ரூபாய்தான் அந்த டப்பாவில் முதல் கவர்.

"யாரும் வரமாட்டாங்க அக்கா. பொழச்சவங்க இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கமாட்டாங்க" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "ஒருத்தராவது வந்து, சரியாப் போச்சுன்னு சொல்லி வாங்கிட்டுப் போவட்டும். அது போதும் எனக்கு" என்பார். கல்லாவில் உட்கார்ந்தபடியே வாசலைப் பார்ப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

ஒருத்தர் வந்தார். அந்த முந்திரித் தோப்புக்காரரேதான். அவர் ரோட்டைத் தாண்டும்போதே அக்கா பார்த்துவிட்டு, கவரை எடுத்துக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. வந்தவர் கையில் ஒரு பை இருந்தது. "இதெல்லாம் பிரிக்காத ஊசி மருந்து. திருப்பி எடுத்துக்குவீங்களா?" என்று கேட்டார். மருந்துக் கடையில் நிற்பவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அக்கா அப்போதும் கவரை நீட்டிக்கொண்டே நின்றார். அவர் அதைப் பார்த்துவிட்டு, "இனி எதுக்கு ஆத்தா? நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அக்கா யாரிடமும் 'வந்து வாங்கிக்கங்க' என்று சொல்லவில்லை. கவர் போடுவதை மட்டும் நிறுத்தவில்லை. டப்பா நிறைந்தது. அவருக்கே வயிற்றில் நோய் வந்து, வேலைக்கு வருவதும் நின்றுபோனது. பார்க்கப் போனபோதெல்லாம் ஒரே கேள்விதான்: "யாராச்சும் வந்தாகளா தம்பி?" பொய்யாகவாவது ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எந்த ஊர் என்று கேட்பார்.

அந்தக் கடைசி மத்தியானம் செல்லையா அண்ணனிடம், "இதை எதுக்கு எடுத்தீங்க? பணம் அப்புறம் குடுக்கலாமே" என்றேன். அவர் விவரமறியாமல் சொன்னார்: "நான் எடுக்கல தம்பி. அவளே எடுத்துக் குடுத்தா. இதைத் தம்பிகிட்ட குடுங்க, அவருக்குப் புரியும்னா." எனக்குப் புரிந்தது. என் பணத்தைக் கல்லாவில் போட்டேன். காசுகளையும் நோட்டையும் கவரில் போட்டு, மேலே 'அரிமளம்' என்று எழுதினேன்.

காரியம் முடிந்து செல்லையா அண்ணன் மறுபடி கடைக்கு வந்தார். கையில் பை இருந்தது, உள்ளே பிரிக்காத ஊசி மருந்து. அந்தக் கவரை அவரிடம் நீட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

டப்பா இப்போது என்னிடம் இருக்கிறது. அதிலிருந்து ஒரு கவர்கூட வெளியே போகப்போவதில்லை. எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. நேற்று ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, சில்லறையோடு புலி போட்ட இரண்டு ரூபாய் நோட்டு ஒன்றைக் கொடுத்தாள். என் காசைக் கல்லாவில் போட்டுவிட்டு, ஒரு கவரைக் கையில் எடுத்துக்கொண்டு, "எந்த ஊரும்மா?" என்று கேட்டேன்.