ஐந்நூறைத் தாண்டிய ஸ்கூட்டி

“கடலிலை ஓடுற எஞ்சினுக்கே நாங்கள் ஒருநாளும் ஒயில் மாத்தினதில்லை. நீ புத்தகத்திலை கிடக்கெண்டு புது ஒயிலை வெளியிலை ஊத்தப்போறியோ?” என்று அப்பா கேட்டார்.

ஸ்கூட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரம் அது. அதன் கையேட்டை மடியில் வைத்து நான் வாசித்துக்கொண்டிருந்தேன். அப்பா வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் கழுவிய அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, “படிச்ச பிள்ளையின்ரை கண்ணுக்குப் புது ஒயிலும் பழசாத் தெரியுது” என்றார். அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது மீற்றரில் ஓட்டம் மிகக் குறைவாக இருந்ததால் சிரிக்க முடிந்தது.

குருநகரில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அந்தக் கையேடு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தது. ஆங்கிலத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தேன். புது வண்டிக்கு முதல் ஒயிலை ஐந்நூறு கிலோமீற்றரில் மாற்றிவிட வேண்டும் என்று அதில் இருந்தது. புது எஞ்சினின் இரும்புகள் ஒன்றோடொன்று உரசிப் பழகும்போது பொடி உதிரும். அந்தப் பொடி ஒயிலில் கலந்து எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். பிறகு வரும் மாற்றங்கள் நாள் பிந்தினாலும் சமாளிக்கலாம், முதல் மாற்றம் பிந்தக் கூடாது.

பிந்தியதற்குக் காரணம் நான் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. கோயில் பெருநாளன்று பங்குச் சுவாமியார் வந்து படகுகளையும் எஞ்சின்களையும் ஆசீர்வதிப்பார். புதிதாக வாங்கிய எஞ்சினில் அந்த நாள்வரை யாரும் ஸ்பனர் வைக்கமாட்டார்கள். அம்மாவின் தம்பி வைத்தார். புது எஞ்சினில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று பெருநாளுக்கு முன்னரே கழற்றிப் பார்த்தார். சில நாட்களில் அது நடுக்கடலில் நின்றது. படகு கரைக்கு வந்து சேர்ந்தது, மாமா வரவில்லை. ஸ்கூட்டி வாங்கப் போகிறேன் என்றபோது அம்மா கேட்டது ஒன்றைத்தான். “பெருநாள் வரைக்கும் உதிலை ஸ்பனர் வைக்கமாட்டன் எண்டு சொல்லு.” சொன்னேன். ஆசிரியையாக எனக்குக் கிடைக்கவிருந்த பள்ளிக்கூடம் அரியாலையில். வீட்டிலிருந்து கிட்டத்தான். பெருநாள் வரும்போது மீற்றர் ஐந்நூறைத் தொட்டிருக்காது என்று கணக்குப் பார்த்துத்தான் வாக்குக் கொடுத்தேன்.

நியமனக் கடிதத்தில் வேறு பள்ளிக்கூடம் இருந்தது. வெகுதூரத்தில், நெல்லியடியைத் தாண்டி, பஸ் போகாத ஒழுங்கைகளுக்குள்.

ஒவ்வொரு காலையும் வல்லை வெளியைக் கடந்து போனேன், பின்னேரம் கடந்து வந்தேன். கணிதம் படிப்பித்த கையால் இரவில் மீற்றரைத் துடைத்துப் பார்ப்பேன். நானூறு. ஐந்நூறு. எழுநூறு. பெருநாள் இன்னும் எங்கோ தூரத்தில் நின்றது. ஆயிரத்தைத் தாண்டியபோது எஞ்சினின் சத்தம் மாறியிருந்தது, அல்லது எனக்கு அப்படிக் கேட்டது. பின்னால் மெல்லிய நீலப் புகை வந்தது. பழைய ஒயில் எரிகிறது என்று நினைத்தேன். ஓடும்போதே என் காலுக்குக் கீழே ஒரு இரும்பு இன்னொரு இரும்பைத் தின்பதை நான் உணர்ந்தேன். என்ன நடக்கிறது என்று தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் இருப்பதைவிட, ஒன்றும் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அந்த நாட்களில் பலமுறை நினைத்தேன்.

வரவுப் புத்தகத்தில் மணி அடித்தபின் அதிபர் சிவப்புக் கோடு போடுவார்; பிந்தி வருபவர்கள் அதற்குக் கீழேதான் கையெழுத்து வைக்கவேண்டும். கோட்டுக்குக் கீழே இரண்டு தடவை கையெழுத்து வைத்துவிட்டேன், இரண்டு தடவையும் வண்டி உதறி உதறி வந்ததால். “டீச்சர், நீங்கள் இன்னும் தற்காலிகம். அடுத்த முறை நான் மேலிடத்துக்கு எழுதவேண்டி வரும்” என்று அதிபர் மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னது இன்னும் பயமாக இருந்தது.

நேற்று, வெள்ளிக்கிழமை காலை, வல்லை வெளியின் நடுவில் ஸ்கூட்டி நின்றது.

அங்கே மரம் இல்லை, வீடு இல்லை. காற்று மட்டும் இருந்தது. சேலை முந்தானையைக் காற்று இழுக்க, நான் ஸ்டார்ட்டரை அமத்திக்கொண்டே நின்றேன். வேகமாகப் போன மோட்டார்சைக்கிள் ஒன்று நின்றது. “அக்கா, பெற்றோல் இருக்கோ?” “இருக்கு.” “அப்ப எஞ்சின் இறுகிப்போச்சுதாக்கும்” என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். வீதியோரத்தில் குந்தி இருந்தேன். அழுதேன் என்றுதான் சொல்லவேண்டும்.

பிறகு கையேட்டில் இருந்த படம் நினைவுக்கு வந்தது. எஞ்சின் நின்றால் முதலில் பிளக்கைப் பார். இருக்கைக்குக் கீழே ஒரு சிறிய ஸ்பனர் இருந்தது. அதை எடுத்துப் பிளக்கைக் கழற்றும்வரை அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு என் நினைவில் இல்லை. பிளக் கரி பிடித்து, ஒயிலில் ஊறிப்போய் இருந்தது. ஏன் என்று பார்க்கப் பெற்றோல் ராங்கின் மூடியைத் திறந்தேன். உள்ளிருந்து அப்பாவின் படகு மணந்தது. எனக்கு அந்த மணம் பிறந்ததிலிருந்து தெரியும். படகு எஞ்சினுக்கு எரிபொருளோடு சேர்த்து ஊற்றும் ஒயிலின் மணம். வீட்டிலும் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் அது மணந்திருக்கிறது. அப்பா இடுப்பில் கட்டும் சாரத்தில் இருந்து வருகிறது என்று விட்டுவிட்டேன்.

பிளக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்து மாட்டினேன். உதறிக்கொண்டு ஓடியது. பள்ளிக்கூடத்தில் கோடு போட்டாகிவிட்டது. அதிபர் என் கறுத்த கைகளைப் பார்த்தார். பேனையை என் பக்கம் தள்ளினார். நான் மூன்றாவது தடவையாகக் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கேட்டேன். “அப்பா, ராங்குக்கை ஒயில் ஊத்தினது நீங்களோ?”

“வேறை ஆர்? விடியக் கடலாலை வந்தவுடனை உன்ரை வண்டிக்குத்தான் முதல் ஊத்துறன். காய விடலாமோ, புது எஞ்சின்?”

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோசம். சத்தம் போட வாய் வரவில்லை. பக்கத்தில் இருந்து சொன்னேன். உங்கள் எஞ்சினில் ஒயில் மண்ணெண்ணெயோடு சேர்ந்து எரிந்து புகையாகப் போய்விடும், அதனால் மாற்ற ஒன்றும் மிஞ்சாது. இதில் ஒயில் தனியாக, அடியில் இருக்கிறது. எரியாது.

அப்பா யோசித்தார். “அப்ப உதின்ரை ஊத்தை எங்காலை போகும்?”

“அதுதான் அப்பா. எங்கையும் போகாது. வாங்கின நாள் தொட்டு உள்ளுக்கையே சுத்துது.”

அவர் ஸ்கூட்டியைப் பார்த்தார். பிறகு எழும்பினார். “ராங்கிலை இருக்கிறதை எனக்கு இறக்கித் தா, படகுக்கு ஆகும். மற்றதுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன். கொம்மாவைக் கேள்.”

அம்மா குசினி வாசலில் நின்று எல்லாம் கேட்டிருந்தார்.

“நடுவழியிலை நிண்டதை எப்பிடி ஓட வைச்சனி?”

“பிளக்கைக் கழட்டினனான்.”

“ஸ்பனராலையோ?”

“ஓம் அம்மா.”

அவர் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. நிலத்தில் இருந்துவிட்டார். “அவனும் உப்பிடித்தான். சத்தம் கேக்குதெண்டான்” என்றார். “இனி நீ உதிலை போகாதை. வேலை போனால் போகட்டும். எனக்கு நீ இருந்தால் காணும்.”

“வேலை போனால் நான் என்ன அம்மா செய்யிறது?”

“மீன் விக்கிறன், உனக்குச் சோறு போடமாட்டனோ?”

அம்மா மீன் விற்றுத்தான் என்னைப் படிப்பித்தார். அந்தச் சோற்றைத் திரும்பவும் அவரிடம் வாங்கித் தின்பதற்கா இவ்வளவும்? மாமாவின் எஞ்சினில் உண்மையாகவே ஏதோ பழுது இருந்திருக்கும், அவர் திறந்ததால் அது வரவில்லை என்று சொல்ல நினைத்தேன். தம்பியை இழந்தவரிடம் அதைச் சொல்ல எந்தப் படிப்பும் எனக்கு உதவவில்லை. பெருநாள்வரை பொறுத்தால் எஞ்சின் செத்துவிடும். பொறுக்காவிட்டால் அம்மா ஒவ்வொரு நாளும் நான் வீட்டுக்கு வரும்வரை செத்துச் செத்துப் பிழைப்பார். இரண்டுக்கும் நடுவில் எனக்கு வழி தெரியவில்லை.

இன்று சனிக்கிழமை. ரவுன் கடைக்குப் போய் கையேட்டில் சொன்ன ஒயிலை வாங்கி வந்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் கராஜில் மாற்றியிருக்கலாம். அது எனக்குப் பிடிக்கவில்லை. முற்றத்தில், அவர் பார்க்கும் இடத்தில் ஸ்கூட்டியை நிறுத்தினேன். “அம்மா, கழட்டப்போறன்” என்றேன். அவர் செபமாலையை எடுத்துக்கொண்டு வாசற்படியில் வந்து இருந்தார். ஒயில் இளக வேண்டும் என்று எஞ்சினைச் சிறிதுநேரம் ஓடவிட்டு நிறுத்தினேன். அப்பா வெட்டி வைத்திருந்த பழைய பிளாஸ்ரிக் கானைக் கீழே தள்ளினேன்.

ஸ்பனர் முதலில் வழுக்கியது. இரண்டாவது முறை பிடித்துக்கொண்டது.

ஒயில் கறுப்பாக இறங்குகிறது. வெயில் படும் இடத்தில் அதற்குள் பொடி மினுங்குகிறது. அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருக்கின்றன. கழற்றிய போல்ட் சூட்டோடு என் கைக்குள் இருக்கிறது.