இனம் கேட்ட லாட்ஜ்

எந்த ஊர் லாட்ஜைப் பற்றிக் கேட்டாலும் குஷன் அக்கா மெத்தை எப்படி, தண்ணீர் வருமா என்றெல்லாம் சொல்ல மாட்டாள். "நாயை விடுவாங்க" அல்லது "விட மாட்டாங்க". அவள் கணக்கில் உலகத்தில் இரண்டே வகை லாட்ஜ்கள்தான். இரண்டாவது வகைதான் ஊருக்கு ஊர் நிறைந்து கிடந்தது.

தியேட்டர் நாற்காலிகளுக்குப் புது உறை போடுவது அவள் தொழில். கிழிந்த ரெக்சினைப் பிய்த்து, நசுங்கிப்போன ஃபோமை எடுத்துவிட்டு, புதிது வெட்டி வைத்து, உறையை இழுத்துப் பிடித்து ஸ்டேப்லர் அடிப்பாள். ஒரு தியேட்டருக்குப் பத்து நாள், பதினைந்து நாள் ஆகும். முடிந்ததும் அடுத்த ஊர். வயது நாற்பத்திரண்டு. கல்யாணமான ஒன்பதாவது மாதமே கணவன் வேறு வழி பார்த்துக்கொண்டு போய்விட்டான். யாராவது முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு அதை விசாரித்தால், "மட்டமான ஃபோம். சீக்கிரம் நசுங்கிடுச்சு" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

பஞ்சு அவளுடைய நாய். ஒன்பது வருடங்களுக்கு முன்பு, ஒரு பழைய தியேட்டரின் கடைசி வரிசையில் பிய்த்துப் போட்ட பஞ்சுக் குவியலுக்குள் குட்டியாகக் கிடந்தது. பழுப்பு நிறம். ஒரு காது விறைத்து நிற்கும், இன்னொன்று மடங்கித் தொங்கும். அவள் வேலை செய்யும்போது, முடித்த வரிசைக்கும் முடிக்காத வரிசைக்கும் நடுவில் படுத்திருக்கும். எந்த நாற்காலியிலும் ஏறாது. பணம் கொடுத்துப் படம் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த நாகரிகம் கிடையாது என்பது அக்காவின் கருத்து.

முன்பெல்லாம் வெளியூர் வேலை வந்தால் பஞ்சுவை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போவாள். போன வருடம் ஒரு சின்ன வேலை முடிந்து நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது, அது மொட்டை மாடியில் வெயிலில் கட்டிக் கிடந்தது. தண்ணீர்க் கிண்ணம் கயிற்றுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்து புண்ணாகியிருந்தது. "கத்திக்கிட்டே இருந்துச்சும்மா, அதான் மேல கட்டினோம்" என்றாள் அண்ணி. அக்கா கயிற்றை அறுத்து நாயைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். அன்றைக்கு முடிவு செய்தாள்: இனி வேலைக்குப் போனால் பஞ்சுவோடு, இல்லையென்றால் வேலையே வேண்டாம். அதனால் இரண்டு ஊர் வேலைகள் கைவிட்டுப் போயின. இந்த மூன்றாவது வேலையும் போனால், அவளைக் கூப்பிடும் தியேட்டர்கள் வேறு ஆளைத் தேடிக்கொள்ளும்.

இந்த முறை புறப்படும் முன்பே ஆறு லாட்ஜ்களுக்கு போன் செய்தாள். ஐந்து பேர் 'நாய்' என்ற சொல்லைக் கேட்டதும் போனை வைத்தார்கள். அதில் ஒருவன், "தனியாவா வர்றீங்க?" என்று வேறு மாதிரிக் குரலில் கேட்டான். "இல்ல, நாயோட" என்றாள். அவனும் வைத்துவிட்டான். ஆறாவது இடத்தில் மட்டும் ஒரு பெண், "தாராளமா கூட்டிட்டு வாங்க மேடம். செல்லப்பிராணி வச்சிருக்கறவங்களுக்காகவே இருக்கற லாட்ஜ் இது" என்றாள். அக்கா இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். பன்னிரண்டு நாளுக்கு அறை.

மத்தியானம் மூன்று மணிக்குச் சரக்கு வண்டியில் வந்து, ரெக்சின் சுருள்களையும் தையல் மிஷினையும் தியேட்டரில் இறக்கிவிட்டு, பையும் பஞ்சுவுமாக லாட்ஜுக்கு நடந்தாள். வாசல் பலகையில் 'உங்கள் செல்லமும் எங்கள் விருந்தாளி' என்று எழுதி, தலையணையில் சாய்ந்திருக்கும் ஒரு வெள்ளை நாயின் படம் போட்டிருந்தார்கள். உள்ளே அதே மாதிரி ஒரு வெள்ளை நாய் அதன் சொந்தக்காரர் பக்கத்தில் சோபா மேல் உட்கார்ந்திருந்தது. சோபாவின் கைப்பிடித் தையல் பிரிந்திருப்பதை அக்காவின் கண் தானாகவே கவனித்தது.

கவுன்ட்டரில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். பெயர், வயது, தடுப்பூசி போட்ட தேதி. அக்கா கடகடவென்று எழுதினாள். நான்காவது கட்டத்தில் 'இனம்' என்றிருந்தது. அதில் 'நாய்' என்று எழுதினாள்.

"நாய்னு தெரியுதுக்கா. என்ன இனம்னு கேக்கறாங்க."

"நாய் இனம்தான்."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு பஞ்சுவை எட்டிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளறையிலிருந்து மேனேஜர் வந்தார். அவரும் எட்டிப் பார்த்தார்.

"இது தெரு நாய் மாதிரி இருக்கேம்மா."

"மாதிரி எல்லாம் இல்லைங்க. அதேதான். தியேட்டர்ல பொறந்துச்சு, என் வீட்ல வளந்துச்சு."

"தப்பா எடுத்துக்காதீங்க. ஜாதி நாயா இருந்தா நமக்கு ஒண்ணும் இல்ல. இங்க பெரிய இடத்து ஆளுங்க எல்லாம் வர்றாங்க. சுத்தம்னு ஒண்ணு இருக்கு பாருங்க."

அவர் 'சுத்தம்' என்று சொல்லி வாய் மூடுவதற்குள், சோபாவிலிருந்த வெள்ளை நாய் கீழே குதித்து, பூந்தொட்டியின் மேல் காலைத் தூக்கியது. மேனேஜர் அதன் சொந்தக்காரரைப் பார்த்து, "பரவால்ல சார், குழந்தை மாதிரிதானே" என்று சிரித்துவிட்டுத் தானே துணி எடுத்து வந்து துடைத்தார். பஞ்சு அக்காவின் செருப்பை ஒட்டி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

அக்காவுக்குக் காதுமடல் சுட்டது. "அப்படின்னா ஜாதி நாய்க்கு மட்டும்னு போர்டுல எழுதுங்க. நான் எதுக்கு இவ்வளவு தூரம் வர்றேன்?"

"அதெப்படிம்மா எழுத முடியும்? படிக்கறவங்க நம்மளைத் தப்பா நெனப்பாங்க."

"செய்யறது தப்பில்ல, எழுதினாதான் தப்பா?"

அவர் துணியை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பதில் இல்லாதவர்களுக்கு எப்போதும் ஓர் உள்ளறை இருக்கிறது.

கவுன்ட்டர் பெண் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, 'லேப் மிக்ஸ்'னு எழுதிடுங்க, லேப்ரடார் கலப்புன்னு அர்த்தம். பேப்பர்ல ஏதாவது ஒரு இங்கிலீஷ் பேரு இருந்தாப் போதும், நான் சாவி குடுத்துடறேன். அவரும் கண்டுக்க மாட்டாரு. பாதிப் பேரு அப்படித்தான் எழுதறாங்க."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். அக்கா பேனாவை எடுத்தாள். காலை எட்டு மணிக்கு வேலை தொடங்க வேண்டும், முந்நூற்று நாற்பது நாற்காலிகள். தெரிந்தவர் என்று இந்த ஊரில் யாரும் இல்லை. 'லே' என்று எழுதிவிட்டாள். அடுத்த எழுத்துக்குப் பேனா நகரவில்லை. பன்னிரண்டு நாளும் இந்தப் படியில் ஏறி இறங்கும்போதெல்லாம் பஞ்சுவை வேறு யாரோ என்று காட்டித்தான் கூட்டிப் போக வேண்டும். எதற்காக? அது செய்த குற்றம் என்ன? எழுதியதை அடித்துவிட்டு, கட்டத்துக்கு வெளியே வழியும்படி 'நாட்டு நாய்' என்று பெரிதாக எழுதினாள். படிவத்தைத் திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

தெருமுனையில் நின்றபோது அண்ணன் போன் செய்தார். நடந்ததைச் சொன்னாள்.

"நாய்க்கு ரூம் தேடி அலையறியே, அந்த நேரத்துல உனக்கு ஒரு மாப்பிள்ளை தேடியிருக்கலாம்."

"மாப்பிள்ளைன்னா எந்த லாட்ஜ்லயும் இனம் கேக்க மாட்டாங்க, அப்படித்தானே?"

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. நாயை பஸ்ல ஏத்தி அனுப்பு, நாங்க பாத்துக்கறோம்."

"நீங்க பாத்துக்கிட்ட அழகு அவன் கழுத்துல இன்னும் இருக்குண்ணா" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

நேராகத் தியேட்டருக்குப் போனாள். முதலாளி படிக்கட்டில் நின்று போஸ்டர் ஒட்டும் ஆளிடம் கத்திக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"சார், நாயோட தங்க எனக்கு எங்கயும் இடம் கிடைக்கல. இங்க ஒரு ரூம் குடுத்தீங்கன்னா காலைல வேலை ஆரம்பிக்கும். இல்லைன்னா வண்டியைக் கூப்பிட்டுச் சாமானை ஏத்திடுவேன்."

"என்னம்மா மிரட்டறியா? பன்னெண்டு நாள்ல நான் படம் போட்டாகணும்."

"மிரட்டலைங்க. உள்ளதைச் சொல்றேன்."

அவர் பஞ்சுவைப் பார்த்தார். இவரும் இனம் கேட்டால், உண்மையிலேயே வண்டியைக் கூப்பிட்டுவிடுவது என்று இருந்தாள்.

"கடிக்குமா?"

"கடிக்காது."

"குரைக்குமா?"

"தேவைப்பட்டா."

"அதுக்குத்தானே நாய். பழைய டிக்கெட் கவுன்ட்டர் ரூம் பூட்டித்தான் கிடக்கு. ஃபேன் கொஞ்சம் சத்தம் போடும்."

எட்டடிக்கு ஆறடி அறை. அக்கா தூசி தட்டிப் பெருக்கினாள். பழைய வேலையில் மிஞ்சிய ஃபோம் துண்டுகளை அடுக்கி ரெக்சினால் சுற்றி, பெரிதாக ஒரு படுக்கை, சிறிதாக ஒரு படுக்கை செய்தாள். கோபம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு ஸ்டேப்லர் அடிக்கும் அந்த மேனேஜரின் மடித்த துணி கண் முன்னால் வந்தது.

சாயங்காலம் வாட்ச்மேன் டீ வாங்கிக்கொண்டு வந்து வாசலில் குந்தினார். வயதானவர், பேச ஆள் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. பஞ்சுவின் மடங்கிய காதைத் தடவிக்கொண்டே, "இது என்ன ஜாதிம்மா?" என்றார்.

அக்கா ஸ்டேப்லரைக் கீழே வைத்தாள். "அண்ணே, அது ஒண்ணைத் தவிர வேற எது வேணும்னாலும் கேளுங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"சரி. சாப்பிட்டுச்சா?"

"இன்னும் இல்ல."

"அதைச் சொல்லும்மா முதல்ல" என்று டீயை அப்படியே வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்க எழுந்து போனார்.