லா சப்பல் கடையில் நன்னாரி என்று விற்ற வேர்

கடந்த ஜூனில் பத்து நாள் ஆய்வகப் பயிற்சிக்காகப் பாரிஸ் போயிருந்தேன். செடியின் டி.என்.ஏ.வில் ஒரு சிறு பகுதியைப் படித்து, அது எந்த இனம் என்று கண்டுபிடிக்கும் பார்கோடு முறைதான் பாடம். எங்கள் கல்வராயன் மலையில் மாகாளிக் கிழங்கைத் தோண்டித் தீர்க்கிறார்கள். நறுக்கிக் காயவைத்து நன்னாரி என்று விற்கிறார்கள். அதை இந்தப் பயிற்சியை நடத்தும் இந்திய-பிரெஞ்சுக் கூட்டுத் திட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கக் கேட்டேன். அது உங்கள் ஊர்ச் சந்தைப் பிரச்சினை, வெளிநாட்டுக்கு வருவதாகச் சான்றே இல்லை என்றார் பயிற்சித் தலைவர். எனக்குச் சுருக்கென்றது. ஈபிள் கோபுரம் எங்கும் ஓடிவிடாது என்று சனிக்கிழமை தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குக் கிளம்பினேன்.

மெத்ரோ இரண்டாம் தடத்தில் லா சப்பல் நிறுத்தம். கார் து நோர் நிலையத்திலிருந்து நடந்தாலும் பத்து நிமிடம்தான். ரூ பஜோல் தெருவுக்குப் போகும் வழியில் ஒரு மளிகைக் கடை. நன்னாரி வேர் நூறு கிராம் மூன்று யூரோ. இது நிஜ நன்னாரிதானா என்று பார்க்கும் ஆய்வுக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன்.

திங்களன்று சோதித்தால் ஒன்றுமே வரவில்லை, டி.என்.ஏ. சிதைந்து கிடந்தது. தலைவர் சிரித்தார். விடுவேனா? மறுபடியும் கடைக்குப் போனேன்.

"இதை வறுத்தீங்களா அண்ணே?"

கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். "வறுக்கேல்லை தங்கச்சி. இஞ்சை காவ் ஒரே ஈரம், பூஞ்சணம் பிடிச்சிடும். அதாலை பைக்குள்ளை போட முதல் அவணிலை வைச்சு எடுக்கிறனான்."

காவ் என்பது கடைக்கு அடியிலுள்ள நிலவறை. அவண் என்றது ஓவனை. அந்தச் சூட்டில்தான் என் சோதனை கெட்டிருக்கிறது.

"அவணுக்குப் போகாதது இருக்கா?"

"ஓம், உடைக்காத மூட்டை ஒண்டு கிடக்கு. பிழையான சாமானெண்டா எனக்கும் தெரியத்தானே வேணும்."

அந்த மூட்டை இந்தியாவிலிருந்து வந்தது. இந்த முறை முடிவு தெளிவாக வந்தது: மாகாளி. தாளைத் தலைவரின் மேசையில் வைத்தேன். ஒரு மூட்டைதானே என்றார். ஒன்றுகூட இல்லை என்றீர்களே என்றேன். பட்டியலில் ஏற்றும்வரை அவர் அறையை விட்டு நான் நகரவில்லை.

இப்படிச் சோதிக்க நினைப்பவர்கள் சூடுபடாத வேரைக் கேட்டு வாங்குங்கள். முடிவைக் கடைக்காரரிடமும் போய்ச் சொல்லுங்கள், அவரும் ஏமாந்தவர்தான். நான் சொன்னதும் அண்ணை மொத்த வியாபாரிக்குப் போன் போட்டார். "உண்மையான நன்னாரி இருந்தா அனுப்புங்கோ. இல்லாட்டி என்ரை தட்டு வெறுமையாக் கிடக்கட்டும்."

ஊர் திரும்பும் நாளில் போனபோது அந்த அலமாரித் தட்டு வெறுமையாகத்தான் கிடந்தது. பாரிஸில் நான் எடுத்த ஒரே படம் அதுதான்.