நாடகத்துக்காக ஒரு மொட்டை

எழுபதுகளின் கடைசியில், திருத்தணியில் இருந்து சென்னைக்கு தினமும் ரயிலில் போய்ப் படித்துக்கொண்டிருந்தேன். தமிழ் பி.ஏ. கடைசி வருஷம். எங்கள் கல்லூரியில் நாடகமும் ஒரு பாடம். மேடையேறி நடித்தால்தான் மதிப்பெண். ஒத்திகைக்கு ஒரு நாள் வராவிட்டாலும் வேஷம் கைமாறிவிடும். காய்ச்சலோடு அரக்கோணத்தில் வண்டி மாறி ஓடியிருக்கிறேன்.

எனக்குக் கிடைத்தது இளம் விதவை வேஷம். கடைசிக் காட்சியில் முக்காட்டை உருவி எறிந்து, மழித்த தலையோடு ஊர்ப் பெரியவர்களை எதிர்த்துப் பேச வேண்டும். ஒத்திகையில் முக்காட்டை உருவினேன். தலையில் மாட்டியிருந்த ரப்பர் தொப்பியும் சேர்ந்து கழன்று, பின்னல் தொபுக்கென்று முதுகில் விழுந்தது. அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேராசிரியை, "அந்தக் கட்டத்தை எடுத்துடலாம்மா, முக்காட்டோடயே பேசிடு" என்றார். எனக்கு வந்ததே கோபம்! அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே மூன்று மாதம் நாயாய் அலைந்தேன்?

ஒத்திகைகள் முடிந்து, அடுத்த திங்கட்கிழமை நாடகம் என்றிருந்த வியாழக்கிழமை காலை கோயில் குளக்கரைக்குப் போனேன். எங்கள் ஊரில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். முருகனுக்கு முடி இறக்க வெளியூர்க் கூட்டம் வந்தபடியே இருக்கும். நாவிதர் மட்டும் என் இடுப்பு வரை தொங்கிய பின்னலைப் பார்த்துத் தயங்கினார்.

"தனியா வந்துகீறியே, இன்னாமா வேண்டுதல்?"

"முருகனுக்குங்க" என்றேன். உண்மையைச் சொன்னால் கத்தியை வைக்க மாட்டாரோ என்ற பயம். அந்த ஒரு பொய்தான் நான் செய்த தப்பு.

சந்தனம் பூசிய தலையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது உள்ளே விசைத்தறி தடதடத்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்குப் போன மாதம்தான் மஞ்சள் காமாலை வந்து, பிழைத்ததே பெரிய காரியம். என்னைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கிட்டே வந்து என் தலையைத் தடவினாள்.

"எனக்காவ வேண்டிகினியா? ஒரு வார்த்த சொல்லலியே கண்ணு!"

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்களே, அம்மா என் தலைக்கும் தன் காமாலைக்கும் முடிச்சுப் போட்டுவிட்டாள். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அதைக் கெடுக்க மனசு வரவில்லை. மூன்று நாள் அவள் தெருவெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அரக்கோணத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ரயில்வே வேலை. அவருடைய அம்மா என் தலையைப் பார்த்து முகம் சுளிக்கவே இல்லை.

"பெத்தவளுக்காவ முடி எறக்கின பொண்ணு. தேடினாலும் கெடைக்காது. எங்களுக்கு சம்மதம். நாளையிலிருந்து காலேஜி, டிராமா எதுவும் வாணாம். முடி கொஞ்சம் வளர்ந்ததும் தாலி கட்டிடலாம்" என்றார்.

"ஆங், நீங்க சொன்னா செரிங்க" என்றாள் அம்மா, என்னைக் கேட்காமலே.

மறுநாள்தான் நாடகம். எதற்காக முடியை இழந்தேனோ அதையே விட்டுவிட வேண்டுமாம்! அதற்கெல்லாம் மசிகிற ஆள் நான் இல்லை. காப்பித் தட்டைக் கீழே வைத்தேன்.

"இது வேண்டுதல் இல்லீங்க. நாடகத்துக்காவ எடுத்தது. நாளைக்கு விதவையா நடிக்கப் போறேன். போவத்தான் போறேன்."

அந்த அம்மாள் எழுந்துவிட்டார். "தாலி ஏறுறதுக்கு முன்னாடியே அறுத்தவ வேசமா? நல்லாகீது உங்க வளர்ப்பு!"

அவர்கள் தெருமுனை தாண்டுமுன் நைனா, அதாவது என் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல் எழுந்துபோய்த் தறியை ஓட விட்டார். ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் வீட்டுத் தறி ஓடியது அன்றைக்குத்தான். அம்மா என்னைத் திட்டவில்லை. "அப்ப எனக்காவ இல்லியா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

திங்கட்கிழமை காலை யாரும் என்னைத் தடுக்கவில்லை, வழியனுப்பவும் இல்லை. முதல் வண்டியைப் பிடித்தேன். அன்று சாயங்காலம் மேடையில் முக்காட்டை உருவினேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நான் பேசி முடித்ததும் கைதட்டினார்கள். பேராசிரியை ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

"டிராமாக்காரி" என்று தெருவில் பெயர் நிலைத்தது. அதற்குப் பிறகு முப்பது வருஷம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்துத்தான் பிழைத்தேன். ஒத்திகைக்கு மட்டம் போட்டவர்களிடம் நானும் ஈவு இரக்கம் பார்த்ததில்லை.

போன முடி இரண்டு வருஷத்தில் தோள்வரை வளர்ந்துவிட்டது. அதுவரைக்கும் அம்மா என் தலையைத் தொடவே இல்லை. வளர்ந்த முடியை வாரிவிட அவள் முதல்முறை சீப்பை எடுத்த அன்றைக்குத்தான் அந்த மூன்று நாள் பொய்க்கு மன்னிப்புக் கேட்டேன். மொட்டைக்காக அன்றும் கேட்கவில்லை, இன்றும் யாரிடமும் கேட்க மாட்டேன்.