மாடி என் தங்கச்சிக்கு

பத்திர ஆபீஸில் கையெழுத்துப் போடப் போனால் பட்டுச்சேலை கிடைக்கும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தெரிந்த விஷயம். அப்பா வீட்டில் உள்ள பங்கைக் கூடப்பிறந்தவனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தருகிற நாளில், அவளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதாம். எனக்குக் கிடைத்தது மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. நல்ல சேலைதான். சேலையை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு, சங்கரன்கோவிலில் ரத வீதிக்கு அடுத்த தெருவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வாரிசு இரண்டே பேர். அண்ணனும் நானும். அண்ணனும் மதினியும் அந்த வீட்டிலேயே குடியிருந்தார்கள். நான், என் வீட்டுக்காரர், மகள் மூவரும் வாடகை வீட்டில் இருந்தோம். மேலே மாடி எடுக்க வேண்டும் என்று அண்ணன் வந்து நின்றான்.

"ஏட்டி, ஒத்தப் பேருல இருந்தாத்தான் பேங்க்ல லோன் தருவாங்களாம். பேருக்கு ஒரு கையெழுத்துதான். மாடி எடுத்தா மாடி ஒனக்குத்தான். இதுக்குப் போயி எழுத்தெல்லாம் வேணுமா நமக்குள்ள?"

வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருப்பவள் நான். பத்திரத்தை வரி விடாமல் வாசித்தேன். 'அன்பின் காரணமாக', 'இனி எக்காலத்தும் எவ்வித உரிமையும் பாத்தியதையும் கிடையாது' என்று எழுதியிருந்த இடங்களையெல்லாம் நிதானமாகத் தாண்டிப் போய், இரண்டு எழுத்துப் பிழைகளைக் கண்டுபிடித்து, பத்திரம் எழுதியவரைத் திருத்த வைத்தேன். அவர் "டீச்சரம்மா கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்றார். எனக்கு அதில் ஒரு பெருமை வேறு.

என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து பிச்சியும் மல்லியும் ஏற்றிக்கொண்டு வந்து பூ மார்க்கெட்டில் இறக்குவார். அதிகம் பேச மாட்டார். அன்றைக்கு மட்டும், "மாடி நமக்குத்தாம்னு ஒரு வரி எழுதி வாங்கிக்கிடலாமா?" என்று கேட்டார். "எங்க அண்ணனைப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்?" என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். அதற்கப்புறம் நடந்த எதற்கும் அவர், நான் அப்பவே சொன்னேனே என்று என்னிடம் சொன்னது கிடையாது. சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

மாடி எழும்பியது. இரண்டு அறை, ஒரு சமையலறை, வெளியே படி. நாங்கள் குடியேறிய அன்று பால் காய்ச்சினேன். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அண்ணன் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் என் தலையில் கை வைத்து, "மாடி என் தங்கச்சிக்கு. இது அவ வீடு" என்றான். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் அழுதேன். வெளியில் கொடுத்துக்கொண்டிருந்த வாடகையை லோனுக்கு ஆகட்டும் என்று அண்ணனிடம் மாதாமாதம் கொடுத்தேன். அதுவும் நானாகவே முன்வந்து செய்ததுதான்.

அந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. மழைக்கு எந்த ஜன்னல் உப்பிக்கொள்ளும், மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டால் டேங்க் நிறையும், பாத்ரூம் குழாயை எந்தப் பக்கம் திருப்பி அமுக்கினால் சொட்டு நிற்கும் எல்லாம் தெரியும். வெளிப்படியின் இருபுறமும் தொட்டி வைத்தேன். சமையலறைச் சுவருக்கு என் செலவில் டைல்ஸ் ஒட்டினேன். சொந்த வீட்டுக்கு யாராவது கணக்குப் பார்ப்பார்களா?

ஆடித் தபசு வந்தால் எங்கள் ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. கோமதி அம்மன் தவக்கோலத்தில் நிற்பதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஜனம் வரும். லாட்ஜுகள் ஒரு மாதத்துக்கு முன்பே நிரம்பிவிடும். குடியேறிய இரண்டாம் வருஷம் அண்ணன் படியேறி வந்து, "மும்பையில இருந்து தெரிஞ்ச குடும்பம் ஒண்ணு வருது. மூணு நாள் கீழ எங்களோட இருந்துக்கிடுங்களேன்" என்றான். போனோம். ஹாலில் பாய் விரித்துப் படுத்தோம். திருநாள் முடிந்து மேலே போய், அவர்கள் போட்டுவிட்டுப் போன குப்பையை நான்தான் கூட்டி அள்ளினேன். மறு வருஷம் மூன்று நாள் ஐந்தானது. பிறகு கொடியேற்றத்திலிருந்தே கீழே வந்துவிட வேண்டும் என்றானது. அம்மனாவது ஒற்றைக் காலில் நின்றாள், நாங்கள் மூன்று பேர் அண்ணன் வீட்டு ஹாலில் முழுக் காலையும் நீட்ட முடியாமல் கிடந்தோம் என்று சொல்லி நானே சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதெல்லாம் திருநாள் நாட்கள். பொறுத்துக்கொள்ளலாம். ஒரு தை மாதச் சனிக்கிழமை, திருநாளும் இல்லை ஒன்றுமில்லை, காலையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன். கதவைத் தட்டினார்கள். பெட்டியும் பையுமாக ஒரு குடும்பம். அந்த ஆள் தன் ஃபோனை என் முகத்துக்கு நேராகக் காட்டி, "இந்த வீடுதானேம்மா? ரெண்டு நாளைக்கு புக் பண்ணியிருக்கோம்" என்றார்.

என் சமையலறை. நான் ஒட்டிய டைல்ஸ். அடுக்கி வைத்த என் எவர்சில்வர் பாத்திரங்கள். அடுத்த படத்தில் மகளின் மேசை, அதற்கு மேலே அவள் ஒட்டி வைத்திருந்த பரீட்சை அட்டவணை. கீழே, 'கோவிலுக்கு அருகில், குடும்பத்துடன் தங்க, சமையலறை வசதியுடன்' என்று போட்டிருந்தது. வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் போயிருந்த அன்று அண்ணன் இந்தப் படங்களை எடுத்திருக்கிறான். மாற்றுச் சாவி அவனிடம் இருந்தது. நான்தான் கொடுத்து வைத்திருந்தேன்.

கீழே இறங்கிப் போய்க் கத்தினேன். அண்ணன் பதறவே இல்லை. "தபசுக்குன்னு போட்டது ஏட்டி. இவங்க இப்பவே வந்துட்டாங்க. வந்தவங்கள எப்படித் திருப்பி அனுப்ப? ரெண்டு நாளுதான" என்றான். இன்னொரு அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்றும் நான் போர்வையைச் சுருட்டிக்கொண்டு கீழேதான் போனேன்.

ஒரு மாதம் கழித்து அவனே வாயைத் திறந்தான். "ரெண்டு நாள்ல வாரது நீ தார ஒரு மாச வாடகை. நீயே சொல்லு, லோனை நான் எப்படி அடைக்க? ஆனி மாசத்துக்குள்ள வேற வீடு பாத்துக்கோ." என் மகளை அந்த வீட்டில் தூக்கி வளர்த்த மதினி, அந்த நேரம் பார்த்து அடுப்படியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் மாடிக்குப் போன காலத்துக்கும் இப்போதைக்கும் ஊர் மாறியிருந்தது. தென்காசி தனி மாவட்டம் ஆனதும் ஆனது, எங்கள் ஊரில் ஒவ்வொருவரும் தன் வீட்டை அரண்மனையாக நினைக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு வாரம் ஆட்டோவிலேயே வீடு தேடினோம். எத்தனை பேர், விருந்தாள் வருவார்களா, கறி மீன் எடுப்பீர்களா, என்ன ஆளுக, ஆட்டோவை எங்கே நிறுத்துவீர்கள்? டீச்சர் என்றதும் முகம் மலரும். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டுத் தனியார் என்று தெரிந்ததும் மலர்ந்தது வாடிவிடும். சோளம் விளைந்த காடெல்லாம் வண்ணக் கல் நட்ட ப்ளாட்டாகக் கிடந்தது. வாங்கிப் போட்டவர்கள் எங்கோ வெளியூரில் இருந்தார்கள், விலை ஏறட்டும் என்று. ஊரைச் சுற்றி வீடில்லாத இடம், ஊருக்குள் இடமில்லாத நாங்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒரு கல்லையாவது பிடுங்கி எறிந்திருப்பேன். ஆட்டோவை நிறுத்தாமல் இவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் ராஜபாளையம் ரோட்டுப் பக்கம், ஊர் முடிகிற இடத்தில் இரண்டு அறை கிடைத்தது. வீட்டின் சொந்தக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ரேஷன் கார்டு, வோட்டர் லிஸ்ட் எதுலயும் இந்த விலாசத்தைப் போடக் கூடாது டீச்சர். பின்னால பிரச்சினை ஆயிரும்." குடியிருக்கலாம், குடியிருப்பதாக எங்கேயும் சொல்லக் கூடாது. அதனால் எங்கள் ரேஷன் கார்டும் ஓட்டும் அண்ணன் வீட்டு மாடியிலேயே தங்கிவிட்டன.

நகராட்சித் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. வீடில்லாதவர்களுக்கு இலவச மனைப் பட்டா தரப்போகிறார்கள், மனு வாங்குகிறார்கள் என்றார்கள். அண்ணன் ஒரு கட்சியில் வார்டுப் பொறுப்பில் இருந்தான். வீட்டுக் கேட்டில் கொடி கட்டியிருந்தான். தெருமுனையில் மைக் பிடித்து, "நம்ம வார்டுல வீடில்லன்னு ஒருத்தன் இருக்கக் கூடாது, அதுதான் எங்க லட்சியம்" என்று அவன் முழங்கியதை, காய்கறி வாங்கப் போன நான் பையோடு நின்று கேட்டேன்.

அவனிடம் போகாமல் நேராகத் தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தேன். சொந்த வீடு இல்லை என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் அந்த விடுதலைப் பத்திரம்தான். நகலை இணைத்தேன். என்னைத் தெருவில் விட்ட காகிதமே ஒரு துண்டு மனையை வாங்கித் தந்துவிடும் என்று நிஜமாகவே நம்பினேன். மகள் அதற்குள் ஒரு நோட்டில் வீட்டுப் படம் வரைந்து, எந்த அறை யாருக்கு என்று எழுதி வைத்துவிட்டாள். இவர்கூட, வாசலில் ஆட்டோ நிற்க இடம் விட வேண்டும் என்று வாயைத் திறந்து சொன்னார்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'மனுதாரருக்குத் தனது சகோதரரின் கட்டடத்தில் மாடிப் பகுதி சொந்தமாக இருப்பதாக நேரடி விசாரணையில் தெரியவருவதால் மனு நிராகரிக்கப்படுகிறது.'

ஆபீஸுக்கு ஓடினேன். விசாரணைக்குப் போனவர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். "ரேஷன் கார்டுல இருக்க விலாசத்துக்குத்தாம்மா போனேன். பத்திரத்தைக் காட்டிக் கேட்டேன். ஒங்க அண்ணன்தான் அதெல்லாம் சும்மா பேருக்கு, மாடி என் தங்கச்சிக்குத்தான் சார், அவ வீடுதான்னு சொல்லிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்தாரு. அதுக்கு மேல நான் என்ன செய்ய?"

எனக்கு எழுதித் தர மறந்த வரியை அண்ணன் கடைசியில் சர்க்காருக்கு எழுதிக் கொடுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் காகிதத்தோடு அவன் வீட்டுக்குப் போனேன். இவர் தெருவில் ஆட்டோவை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். மதினி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் தொடவில்லை. காகிதத்தை மேசையில் வைத்தேன். அண்ணன் முகத்தில் கூச்சமே இல்லை.

"பின்ன என்னட்டி சொல்லச் சொல்லுத? என் தங்கச்சிக்கு வீடில்லன்னு என் வாயால சொல்லவா? வார்டு பூராவும் நாங்கதான் மனு வாங்குதோம். நாளைக்கு மேடையில வச்சுப் பட்டா குடுக்கையில ஒன் பேரை வாசிச்சா, என் மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க? நீ செஞ்சதுதான் தப்பு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

நான் குடியிருக்க இடமில்லாமல் போனதைவிட, அதை நாலு பேருக்குத் தெரிய வைத்ததுதான் அவனுக்குக் குற்றமாகப் பட்டிருக்கிறது. அவன் பொய்யாக நடிக்கவும் இல்லை. உண்மையாகவே மனம் நொந்து போயிருந்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அப்ப சாவியக் குடு" என்றேன்.

"என்ன சாவி?"

"மாடிச் சாவி. என் வீடுன்னு நீதான கையெழுத்துப் போட்டிருக்க."

அண்ணன் சிரித்தான். "ஒனக்கில்லாத வீடாட்டி? எப்ப வேணாலும் வா."

"இன்னைக்கு வாரேன். ஆட்டோ வாசல்ல நிக்கி."

சிரிப்பு நின்றது. மதினியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"இன்னைக்கு ஆளு இருக்கு" என்றான்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வெளிப்படியில் யார் யாருடைய செருப்போ கிடந்தது. நான் வைத்த தொட்டிகள் இரண்டு பக்கமும் அப்படியே இருந்தன. செடி நன்றாக வளர்ந்திருந்தது. மேலேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, பாத்ரூம் குழாய் மூடவே மாட்டேங்குது, தண்ணி போய்க்கிட்டே இருக்கு" என்றாள்.

"இடது பக்கமாத் திருப்பி லேசா அமுக்கணும்" என்று என் வாய் தானாகவே சொல்லிவிட்டது.

அவள் உள்ளே போனாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. திரும்பி வந்து, "நின்னுடுச்சுக்கா. நீங்கதான் வீட்டுக்காரங்களா?" என்று கேட்டாள்.

நான் என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள், பின்னால் வாசல் நடையில் வந்து நின்ற அண்ணன் முந்திக்கொண்டான். "என் தங்கச்சிதான்மா. மாடி அவளுக்குத்தான்."

அந்தப் பெண் என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள். "வீட்டை ரொம்ப நல்லா வச்சிருக்கீங்கக்கா" என்றாள்.