பறிக்க ஆளில்லாத மல்லி

முன்பெல்லாம் எங்கள் வீட்டு மல்லிச்செடியில் வாடிய பூவை நான் பார்த்ததே இல்லை. வாட விட்டால்தானே. மொட்டு திரண்டு வெளுத்ததும் என் தங்கை கிண்ணத்தோடு ஜன்னலுக்குப் போய்விடுவாள். தாராவிப் பக்கம் வடாலாவில் மூன்றாவது மாடி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஜன்னல் கிரிலுக்குள் பெயிண்ட் டப்பாக்களில் குண்டுமல்லிச் செடிகள். பொழுது சாய்வதற்குள் தொடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, மிச்சத்தைச் சாமி படத்துக்குப் போடுவாள். நான் தண்ணீர் ஊற்றுவதோடு சரி. என் புருஷன் இறந்த வருஷமே தங்கையும் அவள் வீட்டுக்காரரும் என்னைத் தங்களோடு கூட்டி வந்துவிட்டார்கள். அதன்பின் பூவோடு எனக்கு என்ன பேச்சு?

பொங்கல் கழிந்து அவளுக்குப் புற்று என்று தெரிந்தது. கீமோ ஏற்ற ஆரம்பித்ததும் முடி கொட்டியது. தலையணையில் கிடந்ததை நான்தான் அள்ளிப் போட்டேன். அந்தக் கோடையில் பார்த்துச் செடி வெட்கமில்லாமல் பூத்தது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் அவளால் தொடுக்க முடியவில்லை. நான் பறிக்கப் போனபோது, யாருக்கு என்று கேட்டாள். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஒருத்திக்கு முடியில்லை, ஒருத்திக்குப் புருஷனில்லை. சாமிக்காவது போடலாம் என்று தங்கை வீட்டுக்காரர் சொன்னார். சாமி மேல் எனக்கு இருந்த கோபத்தில் நான் காதில் வாங்கவில்லை.

பூக்கள் செடியிலேயே விரிந்தன. மறுநாள் லேசாகச் சிவந்து, பிறகு டீத்தூள் நிறத்தில் காய்ந்து, உதிராமல் காம்பிலேயே ஒட்டிக்கொண்டு நின்றன. கட்டிலில் படுத்தபடி அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய்க் காய்ந்த பூக்களை மட்டும் கத்தரித்தேன். அப்படி இல்லையாம். பூவுக்குக் கீழே இரண்டு இலையையும் சேர்த்து, கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டுமாம். அப்போதுதான் கணுவில் இரண்டு துளிர் விட்டு இரண்டிலும் மொட்டு வைக்குமாம். நான் டீச்சராக இருக்கும் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை அதட்டுவதைவிட மோசமாகக் கட்டிலிலிருந்து அதட்டினாள். நானும் சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டேன். திட்டுவதற்குத் தெம்பு இருக்கிறதே என்று இருந்தது.

வைகாசி கடைசியில் ஆஸ்பத்திரியில் இனி ஊசி வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அன்று சாயங்காலம் நான் செடியருகே நின்றிருந்தபோது அவள் கூப்பிட்டாள்.

“யக்கா, நான் போற அன்னைக்குக் கிங்ஸ் சர்க்கிள் கடப்பூவ எனக்கு வச்சிராத. நம்ம செடிப்பூதான் வைக்கணும். தல நெறைய வைக்கணும்.”

“கிறுக்கச்சி மாதிரிப் பேசாதட்டி” என்றேன். அவள் பேச்சை மாற்றவில்லை. மழை வந்தால் மொட்டு கறுத்துவிடும், டப்பாவை உள்ளே இழு என்றாள்.

இழுத்தேன். டப்பாக்களின் அடி ஓட்டையில் மண் அடைத்திருந்ததை ஆணியால் குத்திவிட்டேன். ஜூன் மழை சாய்ந்து அடித்தபோது பிளாஸ்டிக் ஷீட் கட்டினேன். வெயில் தலை காட்டினால் அவிழ்த்தேன். மண்ணில் விழுந்த பூ அழுகினால் பூசணம் பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். மீன் கழுவிய தண்ணீரை மழைக்காலத்தில் ஊற்றக் கூடாது என்றாள், நிறுத்தினேன். காய்ந்த பூ ஒன்றுகூட மறுநாள் வரை நிற்க விடவில்லை. என்றைக்கு வேண்டியிருக்கும் என்று தெரியாத பூவுக்காக நான் இப்படிப் பாடுபட்டேன். செடி துளிர்த்தால் மனது குளிரும். அடுத்த நிமிஷமே எதற்காக என்பது ஞாபகம் வரும். என் தங்கையின் சாவுக்கு நான் வீட்டில் பூ வளர்த்துக்கொண்டிருந்தேன். அதைச் செய்யாமல் இருக்கவும் முடியவில்லை.

கீழ்வீட்டு மராத்தி அம்மாள், உலர்த்திய துணியில் எங்கள் தண்ணீர் சொட்டுகிறது என்று தினமும் கத்துவாள். அந்த மழைக்காலத்தில் கத்துவதை நிறுத்திவிட்டாள். தங்கை இனித் தேற மாட்டாளென்று பில்டிங்கே முடிவு கட்டிவிட்டது என்று அதிலிருந்துதான் எனக்குப் புரிந்தது. அந்த அம்மாள் கத்தியிருக்கலாம். அவள் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

ஆடி முடியும் சமயத்தில், ஒரு காலையில், தங்கையின் மூச்சு நின்றுபோனது. நானும் அவள் வீட்டுக்காரரும் பக்கத்தில் இருந்தோம். அவர் சத்தமே இல்லாமல் அழுதார். நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். எல்லாச் செடியிலுமாகச் சேர்த்து ஒரு கை மொட்டு இருந்தது. நன்றாகத் திரளாததையும் விடாமல் பறித்து, தரையில் உட்கார்ந்து தொடுத்தேன். இத்தனை வருஷத்துக்குப் பின்னும் விரலுக்கு மறக்கவில்லை. முழுசாக ஒரு முழம்கூட வரவில்லை.

மதியத்துக்குள் தாராவியிலிருந்தும் சீத்தா கேம்ப்பிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். புருஷன் இருக்கப் போனவள் என்பதால் ஆளாளுக்குப் பந்து பந்தாகப் பூ வாங்கி வந்திருந்தார்கள். குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, கல்யாணப் பட்டுச்சேலையைச் சுற்றி, பூ வைக்கும் நேரத்தில் அந்தப் பெண்கள் கை ஓடாமல் நின்றார்கள். பூ வைக்கத் தலையில் முடி இல்லை. கழுத்தில் போடலாம் என்றாள் ஒருத்தி. தலையைத் துணியால் மூடிவிடலாம் என்றாள் இன்னொருத்தி. நான் என் சரத்தோடு முன்னால் போனேன். எங்கள் சித்தி கையை நீட்டி மறித்தாள்.

“நீ தள்ளி நில்லுட்டி. கட்டுக்கழுத்திங்க வைக்கட்டும்.”

வாசலில் ஆண்களோடு நின்றிருந்த தங்கை வீட்டுக்காரர் உள்ளே வந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். சித்தியின் கையைப் பிடித்து மெதுவாக விலக்கினார்.

“மைனி, நீங்க வைங்க. அவ உங்ககிட்டதான் கேட்டா.”

 நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன். ஒரு காதிலிருந்து மறு காதுக்கு, நெற்றிக்கு மேலாகச் சரத்தைச் சுற்றினேன். பிறகு உச்சியில் ஒரு சுற்று. சின்னத் தலை. தல நெறைய என்று கேட்டிருந்தாள். முடி இருந்திருந்தால் அந்தப் பூ காணாது. அன்றைக்குப் போதுமானதாக இருந்தது.